தானாகச் சாகாத புல்: மலைத்தோட்டத்தில் தற்காலிக மூடுபுல்

செப்டம்பரில் கார்போக உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு நீலகிரியில் பல தோட்டங்கள் வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. கிழங்கு தேடிக் கொத்திய மண் என்பதால் பொலபொலவென்று இருக்கும். மூடி வைக்க ஒரு சருகுகூட இருக்காது. சரிவான நிலம், கிளறிய மண், அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை. மேல்மண் ஓடையில் இறங்க வேறென்ன வேண்டும்? கடைபோகம் என்ற அடுத்த பயிரைப் போட்டவர்களின் நிலத்தில் மழைக்கு முன் கொஞ்சமாவது இலை விரிந்திருக்கும். ஏப்ரல் வரை நிலத்தை ஆறப்போடுகிறவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம் பயிரும் மாதமும் கொஞ்சம் மாறலாம்; அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே மண் திறந்து கிடப்பது அங்கேயும் உண்டு.

பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் வந்து விழும். அந்த அடியில் மண்கட்டி உடைந்து மாவாகிறது. மாவான மண் துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. ஓடும் தண்ணீர் முதலில் எடுத்துப்போவது எடை குறைந்ததை, அதாவது மக்கையும் மென்மண்ணையும், அவற்றில் ஒட்டியிருக்கும் உரத்தையும். நிலத்தில் 30 சதவீதம் மூடப்பட்டிருந்தாலே அரிப்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்பது பல நாடுகளில் அளந்து பார்த்து உறுதியான விஷயம். முழுப் பச்சைப் போர்வை வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பெரிய காரியம்.

இந்த இடைவெளியில் மண்ணை மூடி வைக்க ஓட்ஸ் அல்லது ஒருபருவ ரை புல் (ryegrass என்ற மேய்ச்சல் புல்) விதைக்கலாம் என்ற யோசனை நல்ல யோசனை. ஆனால் இதைப் பற்றிக் கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பாலானவை நம் மலைக்காக எழுதப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் புல்தரை என்றால் பெரும்பாலும் நம் அருகம்புல்தான். வெயில் காலத்தில் தழைக்கும், குளிரில் பழுப்பாகித் தூங்கிவிடும். அந்தத் தூக்கக் காலத்தில் தரை பச்சையாக இருக்கவும் மண் நகராமல் இருக்கவும் அக்டோபர் வாக்கில் ரை விதையை மேலே தூவுகிறார்கள். மே, ஜூன் வெயில் வந்ததும் ரை கருகிப்போகும், அருகு எழுந்துகொள்ளும். விதைப்பதோடு மனிதனின் வேலை முடிந்தது, முடித்து வைப்பதை வெயில் பார்த்துக்கொள்ளும். ‘தற்காலிகப் புல்’ என்ற ஏற்பாடே அந்த வெயிலை நம்பித்தான் இருக்கிறது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். ரை, ஓட்ஸ் போன்ற குளிர்காலப் புற்களுக்குப் பிடித்தமான வெப்பம் 15 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினால்தான் அவை திணறத் தொடங்கும். நம் மலையுச்சியில் ஏப்ரல், மே மாதங்களில்கூடப் பகல் வெப்பம் 23 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதாவது அந்தப் புல்லுக்கு ஆண்டு முழுக்கவே நல்ல காலம். வெயில் வந்து அதைக் கொல்லப்போவதில்லை. விதைத்தவர்தான் அரிவாளோடு இறங்க வேண்டும். எந்த மாதத்தில் விதைப்பது என்பதைவிட எந்த மாதத்தில் முடிப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். விதைத் தேர்வு, அளவு, வெட்டு எல்லாம் அந்த ஒரு தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியவை.

எந்தப் புல்

ஓட்ஸ்தான் என் முதல் தேர்வு. தண்டு நீண்டு கதிர் தள்ளும் நிலையில் அடியோடு அறுத்தால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. விதை பெரிது என்பதால் காற்றில் பறக்காது. மாடு விரும்பித் தின்னும். தீவன ஓட்ஸில் ‘கென்ட்’ என்ற பழைய ரகம் நாடு முழுக்கப் புழக்கத்தில் உள்ளது.

ரை புல் வேர் பிடிப்பதில் ஓட்ஸை மிஞ்சும். மெல்லிய வேர்கள் மேல்மண்ணை வலை போலப் பின்னிக்கொள்ளும், ஐந்தாறு நாளில் முளை தெரியத் தொடங்கும். சரிவு கூடுதலான இடத்துக்கு இது உதவும். வாங்கும்போது ஒருபருவ வகையா, பல்லாண்டு வகையா என்று பையில் பார்த்தே ஆக வேண்டும். புல்தரைக்கென்று வருவதில் பெரும்பகுதி பல்லாண்டு ரை. சமவெளியில் அதுவும் வெயிலில் போய்விடும், மலையில் நின்றுவிடும். ஒருபருவ ரையையும் சாதுவாக நினைக்கக் கூடாது. விதை உதிர விட்டால் அடுத்த வருடம் கேரட் பாத்தியில் களையாக வந்து நிற்கும். ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் இன்று களைக்கொல்லிக்கும் அடங்காமல் நிற்கும் புல் ரையின் நெருங்கிய உறவு. மேய்ச்சலுக்கென்று விரும்பி விதைத்ததுதான் அங்கே அப்படி ஆனது.

கிக்குயு புல்லை இந்த வேலைக்கு யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கென்யா மலைநாட்டிலிருந்து வந்த அந்தப் புல் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாலையோரமெல்லாம் பரவியிருக்கிறது. உறைபனியில் இலை கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு சாகாது, ஒரு கணு மீந்தாலும் முளைக்கும். தோட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்தால் தற்காலிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சோலைக்காட்டை ஒட்டிய இயற்கைப் புல்வெளிக்குப் பக்கத்தில் நிலம் இருந்தால் ரையும் வேண்டாம். சீகை (வாட்டில்), பைன், யூகலிப்டஸ் மரங்கள் ஏற்கெனவே இந்தப் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. மிஞ்சியிருக்கும் துண்டுகளில் வெளிநாட்டுப் புல்லை நம் கையால் சேர்க்கத் தேவையில்லை. அங்கே ஓட்ஸ் மட்டும், அதுவும் கதிர் முற்றும் முன் அறுவடை.

கோதுமையையோ பார்லியையோ மூடுபயிராக விடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. நீலகிரியின் படகர்கள் முன்பு இவற்றைப் பயிரிட்டவர்கள்தான், மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மலைகளின் குளிர் தீராத தன்மை இங்கே வேறொரு முகம் காட்டுகிறது. சமவெளியில் கோடை வெயில் கோதுமையின் கருந்துரு நோயைத் துடைத்துவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்தப் பூஞ்சை வருடம் முழுக்க உயிரோடு இருந்து, காற்றேறி வடக்கே உள்ள கோதுமை வயல்களுக்குப் போவதை இந்திய விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குன்னூர் அருகே வெலிங்டனில் கோதுமை நிலையம் வைத்திருப்பதற்குத் துருநோய்தான் முக்கியக் காரணம். ஆகவே துருவைத் தாங்கும் ரகம் அல்லாத கோதுமையை மூடுபயிராக நிறுத்தி வைப்பது நம் தோட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஓட்ஸைத் தாக்கும் துரு வேறு வகை, கோதுமைக்குப் போகாது.

விதைப்பு

நவம்பர் மழை தரையை அடிக்கும் முன் புல் விரலளவாவது வளர்ந்திருக்க வேண்டும். அதனால் செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் முதல் பத்து நாளுக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை கூடுதலாக விழும், அங்கே இன்னும் முன்னதாகவே. டிசம்பரில் விதைத்தால் முளைக்காமல் போகாது, ஆனால் உறைபனி தொடங்கியிருக்கும், வளர்ச்சி நகராது. மண்ணைக் காக்க வேண்டிய மழையும் முடிந்திருக்கும்.

விதை அளவில்தான் பலரும் பணத்தை விரயமாக்குகிறார்கள். புல்தரைப் பையில் எழுதியிருக்கும் கணக்கைச் சென்டுக்கு மாற்றினால் 1 முதல் 2 கிலோ வரும். விளையாட்டு மைதானம் போல நெருக்கமான பச்சை வேண்டியவர்களுக்கான அளவு அது. தோட்டத்தில் மண்ணைப் பிடிக்க ஒருபருவ ரை ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ போதும், அதாவது சென்டுக்கு 100 முதல் 120 கிராம். ஒரு கிராமில் நானூறுக்கு மேல் விதை இருக்கும் என்பதால் இது குறைவல்ல. கையால் சரிவில் தூவுகிறவர்கள் 150 கிராம் வரை போகலாம். ஓட்ஸ் ஏக்கருக்கு 40 கிலோ, சென்டுக்கு 400 கிராம்.

ரை விதை உமி போல லேசானது. கையில் அள்ளி வீசினால் காற்று ஒரு பக்கம் குவித்துவிடும். ஈர மணலோடு கலந்து, பாதியைச் சரிவுக்குக் குறுக்கே நடந்தபடியும் மீதியை மேலிருந்து கீழாக நடந்தபடியும் தூவினால் சமமாக விழும். அப்புறம் வாருகோலால் லேசாக இழுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல், மிதித்தோ பலகையால் தட்டியோ அழுத்த வேண்டும். விதை மண்ணோடு ஒட்டாமல் கிடந்தால் முதல் மழை அதை வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கேதான் பச்சைக் கோடாக முளைத்து நிற்கும், பாத்தி மொட்டையாக இருக்கும். ஓட்ஸை மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், சரிவுக்குக் குறுக்கே கோடு கிழித்துப் போடுவது நல்லது. கோடே ஒரு குட்டி வரப்பாகத் தண்ணீரைத் தடுக்கும்.

உருளைக்கிழங்கு எடுத்த நிலத்துக்குத் தனியாக உரம் தேவையில்லை. கிழங்குக்குக் கொட்டியதில் மிச்சமிருக்கும் நைட்ரேட் மழையில் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும், புல் அதைப் பிடித்து இலையாக்கி வைத்துக்கொள்ளும். மண்ணைக் காப்பதற்கு நிகரான பயன் இது. ஆனால் அமிலம் மிகுந்த மண், கார அமில நிலை 5-க்கும் கீழே போயிருந்தால், புல்லும் மஞ்சளாகத்தான் நிற்கும். அடுத்த பயிருக்கு எப்படியும் போடப்போகிற டாலமைட் சுண்ணாம்பை இப்போதே போட்டுக் கொத்திவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

நூற்புழு விவகாரம்

1961-இல் ஊட்டி அருகே ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு என்ற நுண்ணிய புழுவைக் கண்டறிந்தார். அதிலிருந்து இந்த மலையின் கிழங்கு விவசாயமே அதை வைத்துத்தான் நகர்கிறது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களுக்காக இத்தனை ஆண்டு உழைத்ததும் அதற்காகவே. பெண் புழு செத்த பின் அதன் உடலே தடித்த கூடாகி, உள்ளே சில நூறு முட்டைகளை வைத்துக்கொண்டு மண்ணில் கிடக்கும். ஊசிமுனை அளவுள்ள அந்தக் கூடு இருபது ஆண்டுகூடத் தாங்கும்.

அந்தப் புழுவுக்கு உணவு உருளை, தக்காளி, கத்தரிக் குடும்பம் மட்டுமே. ஓட்ஸும் ரையும் அதற்கு ஆகாது. ஒரு பருவம் புல் போட்டதால் புழு ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் புல் வேறொரு விதத்தில் உதவுகிறது. முட்டைக்கூடு தானாக நகராது. மண் போகும் இடமெல்லாம் போகும். மேல் தோட்டத்து மண் கீழ்த் தோட்டத்துக்கு அரித்துப் போகும்போது கூடுகளும் போகின்றன. மண்ணை நிறுத்தினால் அவையும் நிற்கும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு நாம் செய்யும் உதவி என்றும் இதைச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் தவறவே கூடாது. அறுவடையில் விடுபட்ட கிழங்குகள் புல்லுக்குள் முளைக்கும். பச்சைக்கு நடுவே பச்சை, எட்ட நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து தேடினால் புல்லின் கூர்மையான இலைகளுக்கு இடையே அகன்ற, சுருங்கிய இலையோடு ஒன்றிரண்டு தண்டுகள் நிற்பது கண்ணில் படும். அவற்றை விட்டுவைத்தால் நூற்புழுவுக்குச் சோறு போட்டு வளர்ப்பதாக ஆகிவிடும். நவம்பரிலும் ஜனவரியிலும் ஒருமுறை நடந்து, கிழங்கோடு பிடுங்கி எடுத்தே ஆக வேண்டும். தண்டை மட்டும் கிள்ளினால் மறுபடி வரும்.

கேரட்டை முடிச்சு முடிச்சாக்கிப் பிளக்கச் செய்யும் வேர்முடிச்சு நூற்புழுக்களில், குளிர்ப் பகுதிக்குரிய ஹாப்லா இனத்துக்கும் புல்லினம் உணவாகாது. மற்ற வேர்முடிச்சு இனங்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. முட்டைக்கோஸில் வேர் வீங்கும் நோய் இருக்கும் நிலத்தில் கடுகைப் பசுந்தாளாக விதைப்பவர்களும் இருக்கிறார்கள். கடுகும் கோஸும் ஒரே குடும்பம், நோயை அதுவே வளர்க்கும். அங்கே புல்தான் சரி.

வெட்டும் உறைபனியும்

ரை புல் ஒரு சாண் உயரம் வந்ததும் முதல் வெட்டு வெட்டலாம். நான்கு விரல் உயரம் அடியில் விட்டுத்தான் வெட்ட வேண்டும், மொட்டையாக அடித்தால் வேரும் சுருங்கும். வெட்டியதை மாட்டுக்குப் போடலாம். அளவில்லாமல் உரமேறிய நிலத்து ஓட்ஸை மட்டும் கவனிக்க வேண்டும். உறைபனியில் வளர்ச்சி நின்றுபோன நாட்களில் அதன் தண்டில் நைட்ரேட் சேர்ந்துகொள்ளும், வெறும் வயிற்று மாட்டுக்கு அதையே வயிறு முட்டப் போடுவது ஆபத்து. வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுத்தால் சிக்கலில்லை.

டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் விடிகாலைப் புல் வெள்ளையாக விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் அதன்மேல் நடக்கக் கூடாது. இலைக்குள் உறைந்த நீர் மிதிபட்டதும் செல்களைக் கிழித்துவிடும். வெயில் ஏறியதும் கால் வைத்த இடமெல்லாம் கருஞ்சுவடாகத் தெரியும். உறைபனி தானே கரையும் வரை பொறுத்தால் போதும், ஓட்ஸும் ரையும் சாதாரண உறைபனியைத் தாங்கிக்கொள்ளும்.

பக்கத்தில் நிற்கும் பயிரை யோசிக்க வேண்டும். ஈரமான வெறுந்தரை பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உயரமான புல் அதைத் தடுத்துவிடும், அதன் மேல்மட்டக் காற்று கூடுதலாகக் குளிரும். ஓரிரு டிகிரி வித்தியாசம்தான், உறைபனி விழுமா விழாதா என்பதை அந்த ஓரிரு டிகிரிதான் தீர்மானிக்கும். பள்ளத்தில் உருளையோ பீன்ஸோ இளம் தேயிலையோ இருந்தால், அதை ஒட்டிய புல்லை டிசம்பர் தொடக்கத்திலேயே குட்டையாக வெட்டி வைப்பது நல்லது.

காட்டெருமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றிலும் மேய்ச்சல் காய்ந்து கிடக்கும் பிப்ரவரியில் ஒரு துண்டு பச்சை ஓட்ஸ் என்பது அவற்றுக்கு அழைப்பு. கடமானும் வரும், இரண்டும் புல்லோடு நிற்காமல் பக்கத்துக் கேரட்டையும் மிதிக்கும். காட்டோர நிலத்தில் ஜனவரிக்குள் புல்லை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மண் வெட்டி எடுத்த புதுச் சரிவுகளுக்கும் இதே புல்லைப் போடச் சொல்கிறார்கள். மேல்மண் கரைவதைத் தடுக்க நல்லதுதான். நிலச்சரிவைத் தடுக்கும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சரிவுகள் போன்றவை புல் வேர் எட்டாத ஆழத்தில் அறுந்து வருபவை. அதற்கு வடிகால் வேண்டும், வெட்டக் கூடாத இடத்தில் வெட்டாமல் இருக்க வேண்டும். சரிவில் நிரந்தரப் புல்லோடு ரையைக் கலந்து விதைப்பவர்கள் ரையின் பங்கை ஐந்தில் ஒன்றுக்குக் கீழே வைக்க வேண்டும். கூடினால் வேகமாக எழும் ரை மற்றதை அமுக்கிக் கொன்றுவிடும்.

முடிப்பது

வானம் பார்த்த நிலத்துக்கும் தண்ணீர் வசதியுள்ள நிலத்துக்கும் இங்கே வழி பிரிகிறது. டிசம்பர் நடுவில் மழை நின்றுவிட்டால் அடுத்த மூன்று மாதத்துக்கு மண்ணில் இருக்கும் ஈரம்தான் கையிருப்பு. உயிரோடு நிற்கும் புல் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மானாவாரித் தோட்டத்தில் ஜனவரியிலேயே அறுத்து, வெட்டியதை அங்கேயே பரப்பி மூடாக்காக விட வேண்டும். ஸ்பிரிங்ளர் இருப்பவர்கள் மார்ச் வரை நிறுத்தலாம், ஆனால் கதிர் முற்ற விடக் கூடாது.

தேதியைவிடத் தண்டைத் தொட்டுப் பார்ப்பது நம்பகமானது. மேல் இலையின் உறைக்குள் கதிர் திரண்டு, விரலால் நெருடினால் தடிப்பாகத் தட்டுப்படும் கட்டம்தான் சரியான நேரம். அதற்கு முந்தைய இளம்புல் மண்ணில் சீக்கிரம் மக்கி நைட்ரஜனைத் திருப்பித் தரும். முற்றிய ஓட்ஸ் வைக்கோலிலோ ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 70 பங்கு கார்பன் இருக்கும். அதை மடக்கிக் கொத்தினால் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு வேலை செய்யும், புதிதாக நட்ட பயிர் வெளிறி நிற்கும்.

ஓட்ஸை அடியோடு அறுத்தால் போதும். ரையை அறுப்பது போதாது, வேர்த்தூரைக் களைக்கொத்தால் திருப்பிப் போட்டு, பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்து, பச்சையாகத் தலைதூக்குவதை எடுக்க வேண்டும். வெயில் நாளில் செய்தால் வேர் காய்ந்துபோகும், ஈரத்தில் செய்தால் அப்படியே நட்டு வைத்தது போலாகும். திருப்பும்போது வெட்டுப்புழுவும் வெண்புழுவும் மண்ணில் தெரியும். புல்தரை அவற்றுக்குப் பிடித்த இடம். கிழங்கு போடப்போகிறவர்கள் அன்றைக்கே பொறுக்கிப் போடட்டும், பின்னாலேயே வரும் மைனாக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மடக்கிய பின் மூன்று வாரமாவது மண் ஆற வேண்டும். உருளைக்குக் கொஞ்சம் மக்காத தழை இருந்தாலும் பரவாயில்லை. கேரட் அப்படியில்லை, மக்காத வேர்க்கட்டி மேல் முட்டினால் இரண்டாகப் பிளந்து வளரும், மென்மையான விதைப்பாத்தியும் கேட்கும். கேரட் போடும் நிலத்தில் மேல்புல்லைக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோய் வேரை மட்டும் மண்ணில் விடுவதே சரி. நிலம் தயாராகிவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் பாத்தியின் ஒரு மூலையில் நாலைந்து முள்ளங்கி விதையைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் நேராக, பச்சையாக முளைத்து வந்தால் கேரட் விதையைத் தூவலாம். முளைக்காமலோ வேர்நுனி பழுப்பாகியோ இருந்தால் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும்.